ஸ்மார்ட் 450: திருத்தி வந்த கிளட்ச் அக்சுவேற்றரை எந்த இடத்தில வைச்சு இறுக்கிறது?

குட்டிக்கார்:
வணக்கம் உறவுகளே. லண்டனில என்னட்ட ஒரு 2004 ஸ்மார்ட் ஃபோர்ட்டூ (450 எண்ட மொடல்) நிக்குது. 698 சிசி பெற்றோல், ஆறு கியர், கிளட்ச் பெடல் இல்லாதது. காலுக்குப் பதிலா கிளட்சைத் தள்ளிறது அக்சுவேற்றர் எண்ட மோட்டர்தான். பனிக்காலத்தில றோட்டில கொட்டிற உப்பெல்லாம் அக்சுவேற்றரில போய்ப் படிஞ்சு, சிக்னலில நிண்டு எடுக்கேக்க உதறி உதறிப் போச்சுது. பிறகு கியர் காட்டிற இடத்தில மூண்டு கோடு விழுந்து ஒரேயடியா நிண்டுட்டுது.

கழட்டித் திருத்த அனுப்பினன். துப்பரவாக்கி, கிறீஸ் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கினம். கூட வந்த துண்டில "பழையபடி பூட்டவும்" எண்டு ஒரு வரி, அவ்வளவுதான். ஆனா பூட்டிற ஓட்டையள் நீட்டு ஓட்டை, அக்சுவேற்றர் முன்னுக்கும் பின்னுக்கும் அசையுது. போல்ட் இருந்த தடம் மங்கலாத் தெரியுது. அதில வைச்சு இறுக்கினாக் காணுமோ? கராஜில கொம்பியூட்டர் பூட்டிச் செற் பண்ணாமல் ஓடுமோ?

சந்திவெளி:
தடத்தைப் பாத்துப் பூட்டுங்கோ. நான் அப்பிடித்தான் பூட்டினனான், ஓடுது.

கறள்:
தம்பி, தடத்தை நம்பாதேங்கோ. கிளட்ச் தட்டுத் தேயத் தேய ஃபோர்க் (அக்சுவேற்றர் தள்ளக் கிளட்சைத் திறக்கிற நெம்புகோல்) நிக்கிற இடமும் மாறும். அதுக்காகத்தான் ஓட்டையை நீட்டா விட்டிருக்கிறாங்கள். 20 வருசம் ஓடின கார், புதுசில இருந்த இடம் இப்ப சரிவராது.

முதல்ல பற்றரியைக் கழட்டுங்கோ. அது முன்சீற்றடியில கால் வைக்கிற கம்பளத்துக்குக் கீழ கிடக்கும். காரைத் தூக்கினாத் தாங்கி வைச்சிட்டுத்தான் கீழ படுக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கிற ஆக்களோட எனக்குக் கதையில்லை.

பூட்ட முதல் ஃபோர்க்கை ரோச் அடிச்சுப் பாருங்கோ. அக்சுவேற்றரின்ர தள்ளுகம்பி நுனி குந்திற குழி ஒண்டு அதில இருக்கும். இதைப் பாக்காமலே எத்தினையோ பேர் பூட்டிப்போட்டுப் பிறகு அக்சுவேற்றரைத்தான் திட்டிறவை. அந்தக் குழி தேஞ்சு ஓட்டையாப் போனா நீங்கள் எப்பிடி இறுக்கினாலும் கிளட்ச் முழுசாத் திறக்காது, கியர்பெட்டியை இறக்கத்தான் வேணும். குழி நல்லா இருந்தா நுனியில கொஞ்சம் கிறீஸ் பூசுங்கோ. கனக்கப் பூசினா மண்தான் ஒட்டும்.

போல்ட்டுகளைக் கையால மட்டும் சுத்தி விடுங்கோ, அக்சுவேற்றர் இன்னும் அசைய வேணும். இப்ப அதை ஃபோர்க் பக்கமாத் தள்ளுங்கோ. நுனி குழியில குந்தி, ஆட்டம் போய், மெல்லிய எதிர்ப்பு ஒண்டு கைக்குத் தெரியும். அந்த அழுத்தத்தை விடாமல் பிடிச்சுக்கொண்டு இறுக்குங்கோ. ஆள் ஒண்டு கூட நிண்டா நல்லது.

பலமாத் தள்ளி இறுக்கினா கிளட்ச் எப்பவும் அரைவாசி மிதிச்சபடி கிடக்கும். எஞ்சின் கத்தும், கார் போகாது, பெயாரிங்கும் ஓயாமல் சுத்தித் தேயும். இடைவெளி விட்டாக் கிளட்ச் முழுசாப் பிரியாது, கியர் விழ மாட்டன் எண்டு நிக்கும், திரும்பவும் உங்கட மூண்டு கோடுதான்.

வயர் செருகிற இடத்தில பச்சை பூத்திருந்தாத் துப்பரவாக்கிப்போட்டுச் செருகுங்கோ. கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்டா, அதே அக்சுவேற்றர்தானே, அனேகமா ஓடும். ஆனாலும் கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் காருக்குத் திரும்பப் படிப்பிக்கிறதுதான் முறை. அந்த வசதி உள்ள மெசின் எந்தக் கராஜில இருக்கெண்டு முதலே விசாரிச்சுப்போட்டுப் போங்கோ. சும்மா பிழைக் கோட் வாசிக்கிற சின்ன மெசின் இதுக்கு உதவாது.

நெசவாலை:
கறள் அண்ணை சொன்னதோட ஒண்டு. பூட்டி முடிய ஸ்ராட் வராட்டி உடன அக்சுவேற்றரைக் கழட்டாதேங்கோ. இந்தக் காருக்கு பிறேக் மிதிச்சாத்தான் ஸ்ராட் வரும். பின்னால பிறேக் லைற் எரியுதோ எண்டு ஒராளைப் பாக்கச் சொல்லுங்கோ. எரியாட்டிப் பிறேக் பெடலின்ர சுவிட்சைப் பாருங்கோ.

குட்டிக்கார்:
நன்றி அண்ணைமார். பூட்டியாச்சு. குழி கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஆனா ஓட்டையில்லை. மச்சான் தள்ளிப் பிடிக்க நான் இறுக்கினன். தடத்தில இருந்து நல்லாவே தள்ளித்தான் வந்து நிண்டுது. கோடு இல்லை, கியர் எல்லாம் விழுது. ஒண்டில இருந்து இரண்டுக்குப் போகேக்க மட்டும் ஒரு குலுக்கல். அது பிழையோ?

கறள்:
ஒண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில இந்தக் கார் பிறந்த நாளில இருந்தே கும்பிடு போடும். மாறிற நேரம் அக்சிலேற்றரைக் கொஞ்சம் தளத்திப் பாருங்கோ. படிப்பிச்ச பிறகும் அதே அளவில குலுக்கினா எழுதுங்கோ. ஏத்தத்தில நிக்கேக்க அக்சிலேற்றரில பிடிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா அதை விடுங்கோ, பிறேக்கில நில்லுங்கோ. இல்லாட்டி அடுத்ததா எரியிறது கிளட்ச் தட்டு.