எபேசியர் 5:18-இல் வரும் 'நிறைந்து': கிரேக்க வினையின் பொருள் என்ன?

கேள்வி

எபேசியர் 5:18-இல் 'ஆவியினால் நிறைந்து' என்பதற்கு மூலத்தில் உள்ள வினை 'பிளேரோ' என்றும், அப்போஸ்தலர் 2:4-இல் 'நிரப்பப்பட்டு' என்பதற்கு உள்ளது 'பிம்ப்ளேமி' என்றும் ஒரு வேதபாட வகுப்பில் கேட்டேன். முன்னது நீடித்து நிற்கும் நிலையையும், பின்னது நொடியில் வந்து போகும் அனுபவத்தையும் குறிக்கும் என்று அங்கே விளக்கினார்கள். இரு வினைகளுக்கும் இடையே இத்தனை தெளிவான எல்லை உண்டா? கிரேக்கம் கற்ற சகோதரர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

அந்த விளக்கத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, சகோதரரே. பிம்ப்ளேமி மிகப் பெரும்பாலும் லூக்காவின் இரு நூல்களிலேயே (லூக்கா சுவிசேஷம், அப்போஸ்தலர் நடபடிகள்) வருகிறது. அவற்றுக்கு வெளியே அரிது. திடீரென ஆட்கொள்ளும் உணர்ச்சிக்கு அவர் இதையே எடுக்கிறார்: லூக்கா 4:28-இல் கோபம் (தமிழில் 'கோபமூண்டு' என்றிருப்பதால் வினை மறைந்துவிடுகிறது), 5:26-இல் பயம், அப்போஸ்தலர் 5:17-இல் பொறாமை. பெந்தெகொஸ்தே நாளில் (அப்போஸ்தலர் 2:4) நிரப்பப்பட்ட பேதுரு, 4:8-இல் அதிகாரிகளின் முன் பேசத் தொடங்கும்போது மறுபடியும் நிரப்பப்படுகிறார். ஸ்தேவானைப் போன்றவரின் நிலையான தன்மையைச் சொல்ல (6:5) 'பிளேரேஸ்' என்ற பெயரடை வருகிறது.

பதில் 2

மேலே சொன்ன இடங்கள் சரியே; ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. அப்போஸ்தலர் 2:2-இல் சடிதியாய் உண்டான முழக்கம் வீடு முழுவதையும் 'நிரப்பிற்று' என்பதற்கு லூக்கா பயன்படுத்துவது பிளேரோ. இரண்டு வசனம் தள்ளி, சீஷர்கள் நிரப்பப்பட்டதற்கு பிம்ப்ளேமி. எல்லைக்கோடு உண்மையானால் இவ்விரண்டும் இடம் மாறியல்லவா நிற்க வேண்டும்? லூக்கா 1:15-இல் யோவான்ஸ்நானகன் தாயின் வயிற்றிலிருக்கும்போதே நிரப்பப்பட்டிருப்பதற்கும் பிம்ப்ளேமிதான் வருகிறது. அதை நொடிநேர அனுபவம் என்று எவரும் வாசிப்பதில்லை.

நீடிப்பு என்னும் கருத்து வினையின் வேரிலிருந்து வரவில்லை, அதன் வடிவத்திலிருந்து வருகிறது. எபேசியரில் உள்ள 'பிளேரூஸ்தே' பன்மையில் அமைந்த நிகழ்கால ஏவல், அதுவும் செயப்பாட்டுவினை. சபையார் அனைவரும் தொடர்ந்து நிறைக்கப்படுகிறவர்களாய் இருக்கவேண்டும் என்ற தொனி அதனால் கிடைக்கிறது. 'நிறைந்து' என்ற தமிழ் எச்சத்தில் கட்டளையின் வலு சற்றுக் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

வேர்ப்பொருளைத் தேடுகிறவருக்குத் தமிழே உதவும். 'நிறை' என்பதிலிருந்து 'நிறைவேற்று' பிறப்பதுபோல, பாத்திரத்தை நிரப்புவதும் தீர்க்கதரிசனம் நிறைவேறுவதும் (மத்தேயு 1:22) பிளேரோவில் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. மாற்கு 1:15-இல் 'காலம் நிறைவேறிற்று' என்பதும் அதுவே.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால் 'ஆவியினால்' என்பது நிரப்பும் பொருளா, நிரப்புகிறவரா?

பதில் 3

அங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அப்போஸ்தலர் 2:4-இல் ஆவி ஆறாம் வேற்றுமையில் வருகிறது. எதனால் நிறைந்தது என்பதைச் சொல்லக் கிரேக்கத்தில் வழக்கமான அமைப்பு அதுதான். எபேசியரிலோ 'என்' என்ற முன்னிடைச்சொல்லோடு நான்காம் வேற்றுமை நிற்கிறது. நிரப்பும் பொருளைச் சொல்ல இந்த அமைப்பு அரிது என்பதால், ஆவியானவர் நிரப்புகிற கருவி என்று இலக்கண அறிஞர் சிலர் கொள்கின்றனர். அப்படியானால் எதைக் கொண்டு நிரப்புகிறார் என்ற கேள்விக்கு, 3:19-இல் வரும் தேவனுடைய பரிபூரணத்தை அவர்கள் சுட்டுகின்றனர். நம் மொழிபெயர்ப்பு இரு இடங்களிலும் மூன்றாம் வேற்றுமையையே இட்டிருப்பதால், தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.