பாளையங்கோட்டையில் ராக் கச்சேரி, எங்கே நின்று கேட்பது?

நம்ம ஊர்ப் பையன்களின் ராக் பேண்ட் சனிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹாலில் வாசிக்கிறது. கோயில் கொடை விழாவில் மகுடம் என்ற பறை முழங்கும் கணியான் கூத்து கேட்டு வளர்ந்தவன் நான், ராக் நேரில் கேட்டதில்லை. எங்கே நின்றால் நன்றாக இருக்கும்?

பதில் 1: சவுண்ட் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்க அண்ணாச்சி. சவுண்ட் பார்ப்பவர் அங்கே தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்வார், மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பும் பாடுகிற குரலை அமுக்கிவிடும்.

பதில் 2: காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது காதுக்கு ஆபத்து, சின்ன ஹாலில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். பஞ்சு போதாது.

பதில் 3: கணியான் கூத்தில் உச்ச மகுடமும் மந்த மகுடமும் சேர்ந்து முழங்குவதைக் கேட்ட காது உங்களுடையது, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கூடுகிற இடத்தை உடனே பிடித்துவிடுவீர்கள். அப்புறம், சொந்தப் பாட்டு வாசித்தால் முடிந்ததும் அவர்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.