வியட்நாமுக்கு எந்தப் புத்தகம்?

குழு: கெடிலக்கரைச் சொந்தங்கள்

சனிக்கிழமை

[காலை 7:05] நான்: எல்லாருக்கும் வணக்கம். நானும் என் கல்லூரித் தோழியும் வெளிநாடு போவது முடிவாகிவிட்டது. வியட்நாம், கம்போடியா, முடிந்தால் லாவோஸ். 28 நாள், நவம்பரில். முதுகுப்பை மட்டும்தான், பெட்டி கிடையாது. விமானச் செலவு போக ஆளுக்கு 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். கையோடு ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் இருந்தால் தைரியமாக இருக்கும். எதை வாங்கலாம்?

[காலை 7:11] அம்மா: இரண்டும் பெண் பிள்ளைகள். எந்தப் புத்தகமோ, எந்த நாள் எந்த ஊரில் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

[காலை 7:30] பெரியமாமா: மீனாம்மா, வாங்கவே வேண்டாம். நீ போன மாதம் சொன்னதிலிருந்து மனதில் இருந்தது. போன ஞாயிறு புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் விரித்திருந்தவரிடம் தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் சேர்த்து ஒன்று கிடைத்தது. 150 ரூபாய்தான்.

[காலை 7:31] பெரியமாமா: (படம்)

[காலை 7:33] பெரியமாமா: யாரோ ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். நடுவில் அடையாளத்துக்கு ஒரு படகு டிக்கெட் செருகியபடியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எனக்கே போகவேண்டும் போல ஆகிவிட்டது.

[காலை 7:40] ராஜா அண்ணன்: மாமா, பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

[காலை 7:44] பெரியமாமா: 2012.

[காலை 7:52] ராஜா அண்ணன்: அப்படியென்றால் எழுதியவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது 2010, 2011ஆக இருக்கும். இந்தப் புத்தகங்கள் அச்சேறும்போதே ஒரு வயது ஆகியிருக்கும். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு நுழைவுக் கட்டணம் என்ன போட்டிருக்கிறது, சொல்லுங்கள்.

[காலை 7:58] பெரியமாமா: ஒரு நாளுக்கு 20 டாலர், மூன்று நாளுக்கு 40, ஒரு வாரத்துக்கு 60.

[காலை 8:06] ராஜா அண்ணன்: 2017 பிப்ரவரியிலிருந்து அது 37, 62, 72. மூன்று நாள் சீட்டு இரண்டு பேருக்கு எடுத்தால் 44 டாலர் துண்டு விழும். அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பின் விமான நிலையமும் இடம் மாறிவிட்டது. பழையது ஊரை ஒட்டி ஏழு கிலோமீட்டரில் இருந்தது. 2023 அக்டோபரில் திறந்த புதியது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் பழைய தூரத்தை நினைத்துக்கொண்டு பேரம் பேசினால் என்ன ஆகும்?

[காலை 8:15] ராஜா அண்ணன்: எனக்கே இது நடந்தது. 2023 மார்ச்சில் பாங்காக்கிலிருந்து சியாங்மாய்க்கு இரவு ரயில் ஏற வேண்டும். புத்தகத்தில் ஹுவாலம்போங் நிலையம் என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். நடைமேடைகளில் ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நிலையத்தின் பெயர்மேல் விரலை வைத்து, வேறு பக்கம் கைகாட்டினார். அந்த வருடம் ஜனவரி 19 முதல் நெடுந்தூர ரயில்கள் புதிய நிலையத்துக்கு மாறியிருந்தன. டிக்கெட்டில் சரியாகத்தான் அச்சடித்திருந்தார்கள். நான் புத்தகத்தை நம்பி டிக்கெட்டைப் படிக்கவில்லை. மெட்ரோ பிடித்து ஓடி, ரயில் கிளம்ப எட்டு நிமிடம் இருக்கும்போது ஏறினேன்.

[காலை 8:18] அம்மா: இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே ராஜா.

[காலை 8:19] ராஜா அண்ணன்: பயந்துவிடுவீர்கள் என்றுதான் சித்தி.

[காலை 8:24] அம்மா: அப்போ புத்தகம் எதற்கு? கைபேசியிலேயே எல்லாம் வருகிறதே.

[காலை 9:10] சித்தி: இப்போதுதான் பார்த்தேன். அக்கா, கைபேசி நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அதைச் சொல்ல புத்தகம் வேண்டும். விலை, விடுதி, ரயில் நிலையம், விசா எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மழைக்காலம், திருவிழா, எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், கோயிலுக்குள் எப்படி உடுத்த வேண்டும், இவை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அண்ணா, உங்கள் புத்தகத்தில் வியட்நாம் காலநிலைப் பக்கத்தை எடுங்கள். நவம்பருக்கு நேராக ஹுயே, ஹோய் ஆன் இரண்டுக்கும் என்ன இருக்கிறது?

[காலை 9:21] பெரியமாமா: நடுப் பகுதியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பலத்த மழை, அக்டோபர், நவம்பரில் வெள்ளம் என்று இருக்கிறது. ஹனோயில் அதே நவம்பர் காய்ந்து குளிர்ச்சியாக இருக்குமாம். தெற்கே சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், மழை விடும் நேரம்.

[காலை 9:27] சித்தி: பாருங்கள். நம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கே நடுக் கடற்கரைக்கும். வடகிழக்குக் காற்று கடலைத் தாண்டி வந்து மோதுகிற கரை அது. கடலூரில் பிறந்தவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஹோய் ஆனில் ஆறு தெருவுக்குள் வந்துவிடும். மீனா, நீ நவம்பர் என்றாயே, யார் சொல்லி முடிவு செய்தாய்?

[காலை 9:30] நான்: டிக்கெட் மலிவாக இருந்தது சித்தி. அவ்வளவுதான். இன்னும் எடுக்கவில்லை.

[காலை 9:33] அம்மா: எடுக்காதே. தானே புயலில் ஓடு பறந்ததைப் பார்த்தவர்கள் நாம். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

[காலை 9:41] ராஜா அண்ணன்: மார்ச் நல்லது. பிப்ரவரி என்றால் அவர்களுடைய டெட் புத்தாண்டு குறுக்கே வரலாம். சில வருடம் ஜனவரிக் கடைசி, பெரும்பாலும் பிப்ரவரி. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் நின்றிருந்தால் அது எப்படி இருக்கும் என்று தெரியும். ரயிலில் இடம் இருக்காது, கடை பாதி மூடியிருக்கும்.

[காலை 9:46] பெரியமாமா: ஆக, என் பழைய புத்தகம் தேதியை மாற்றிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

[காலை 9:48] நான்: பெரிய உதவி மாமா. நவம்பரில் போயிருந்தால் பாதி நாள் அறைக்குள்தான்.

[காலை 10:20] நான்: பாதையும் சொல்லுங்களேன். பாங்காக்கில் இறங்கி, ரயிலில் எல்லை வரை போய், போய்பெட் வழியாகக் கம்போடியா என்று நினைத்திருந்தோம். எல்லாப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது.

[காலை 10:34] ராஜா அண்ணன்: அந்த வழி வேண்டாம். 2025 ஜூனில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே தரைவழி எல்லை மூடியது, ஜூலையில் சண்டையே நடந்தது. இப்படிப்பட்ட செய்தி எந்தப் பதிப்பிலும் சரியான நேரத்துக்கு வராது. போகும் வாரம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துத்தான் எல்லை தாண்ட வேண்டும். நீங்கள் ஹனோயில் இறங்கித் தெற்கே வாருங்கள். ஹுயே, ஹோய் ஆன், சைகோன், அங்கிருந்து பஸ்ஸில் ப்னோம் பென், பிறகு சியெம் ரீப். ஹனோய் முதல் சைகோன் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். மொத்தத்தையும் ஒரே மூச்சில் போகாதீர்கள். ஹுயேயிலிருந்து தா நாங் வரைக்கும் மட்டும் பகலில் போங்கள். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் மலைக்குக் கீழே கடல் தெரிந்துகொண்டே வரும். நான் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[காலை 10:36] ராஜா அண்ணன்: லாவோஸை இன்னொரு முறைக்கு வையுங்கள். 28 நாளில் மூன்று நாடு என்றால் பஸ்ஸிலேயே கழியும். 2021 டிசம்பரில் ரயில் வந்தபின் வியெந்தியானிலிருந்து லுவாங் பிரபாங் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. மாமா புத்தகத்தில் ஒரு நாள் முழுக்க பஸ் என்று இருக்கும்.

[காலை 10:40] பெரியமாமா: ஆமாம், 10 மணி நேரம்.

[காலை 11:15] நான்: அப்படியென்றால் எந்தப் பதிப்பகம்? கடையில் மூன்று நான்கு இருக்கின்றன.

[காலை 11:38] சித்தி: லோன்லி பிளானட் ஒரு கணவன் மனைவி 1973இல் தொடங்கியது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை தரைவழியே வந்து, அந்த அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். 1975இல் தென்கிழக்கு ஆசியாவுக்கு மஞ்சள் அட்டையில் ஒன்று. சிக்கனமாகச் சுற்றுகிறவர்கள் பல வருடம் அதைத்தான் பையில் வைத்திருந்தார்கள். ரஃப் கைட்ஸ் 1982இல் வந்தது, வரலாறும் பின்னணியும் அதில் விரிவாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் அதிகம் பார்ப்பது ரூத்தார். அதுவும் 1973தான். உலக உருண்டையையே முதுகுப்பையாக மாட்டி நடக்கிறவன் படம் போட்டிருக்கும். பிரெஞ்சில் இருப்பதால் உனக்கு நேரடியாகப் பயன்படாது, வேண்டிய பக்கங்களை நான் சொல்லித் தருகிறேன்.

[காலை 11:42] சித்தி: பெயரைப் பார்த்து வாங்காதே. உனக்குத் தெரிந்த ஊரை அந்தப் புத்தகம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார். தெரு மூலையில் எங்களுக்குத் தெரிந்தவர் விடுதி நடத்துகிறார். விருந்தினர்கள் விட்டுப்போன புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. நாளை அண்ணாவும் நானும் போய், இந்தியப் புத்தகங்களில் புதுச்சேரிப் பக்கத்தைப் படித்துப் பார்க்கிறோம். நம் ஊரையே சரியாகச் சொல்லாதவர் ஹனோயைச் சரியாகச் சொல்வார் என்று எப்படி நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை

[மதியம் 12:50] பெரியமாமா: (படம்) (படம்)

[மதியம் 12:58] பெரியமாமா: பதிப்பு ஆண்டு இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான். முதல் படத்தில் உள்ளதில், ஆரோவில்லின் மாத்ரிமந்திர் உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்று இருக்கிறது. சிதம்பரத்துக்குக் கடலூர் வழியே பஸ் என்றும் இருக்கிறது. இரண்டாவதில் ஓட்டல் ஓட்டலாக நான்கு பக்கம். பஸ் நிலையம் எங்கே இருக்கிறது என்றுகூட இல்லை. பிச்சாவரம் பற்றி ஒரு வரி இல்லை.

[மதியம் 1:05] சித்தி: இரண்டாவதை எழுதியவர் பஸ் ஏறியிருக்க மாட்டார். மீனா, முதல் படத்தில் உள்ள வரிசையில் வியட்நாமுக்குத் தனிப் புத்தகம் வாங்கு. வட்டாரம் முழுவதற்குமான தடிப் புத்தகம் வேண்டாம். அதில் ஒரு நாட்டுக்குக் கொஞ்சம் பக்கம்தான் ஒதுக்கியிருப்பார்கள், சுமப்பதோ மொத்தத்தையும்.

[மதியம் 1:09] அம்மா: அண்ணா கொண்டுவந்து காட்டிய பழைய புத்தகத்தை நேற்றே சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 780 கிராம். ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரும் இதுவும் சேர்ந்தால் தோள் என்ன ஆகும்?

[மதியம் 1:20] ராஜா அண்ணன்: பதிப்பு 2025 ஜூலைக்குப் பின் வந்ததா என்று பார்த்து வாங்கு. அந்த மாதம் முதல் தேதி வியட்நாமில் 63 மாகாணங்களை 34ஆக இணைத்தார்கள், மாவட்ட அமைப்பையே எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தில் இருக்கும் முகவரியும் இப்போது தாளில் எழுதும் முகவரியும் ஒத்துப்போகாது. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள்.

[மதியம் 1:23] ராஜா அண்ணன்: விசாப் பக்கத்தைப் படிக்கவே வேண்டாம். அது ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது. நமக்கு வியட்நாமில் மின்விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், அதிகபட்சம் 90 நாள். அரசின் தளத்திலேயே நேரடியாக எடு. பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் முகவர் தளங்கள் கூடுதல் பணம் பிடிக்கும்.

[மதியம் 1:31] நான்: என் தோழி சுத்த சைவம். அதற்குப் புத்தகத்தில் என்ன இருக்கும்?

[மதியம் 1:40] ராஜா அண்ணன்: அரைப் பக்கம் இருந்தாலே பெரிது. இதை எழுதி வைத்துக்கொள். சைவத்துக்கு அங்கே 'சாய்' என்பார்கள், கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் தைரியமாக நுழையலாம். மற்ற கடையில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், முன்பே சொல்லிவிட வேண்டும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமிக்கும் அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் சாதாரணக் கடையிலும் கிடைக்கும்.

[மதியம் 1:43] அம்மா: அமாவாசையா! நம் காலண்டரே போதும் போலிருக்கிறதே.

[மதியம் 1:52] சித்தி: சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, மீனா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர். இங்கே இன்னமும் சைகோன் போய் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. கட்டாயம் போய் ஒரு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வா.

[மதியம் 2:04] பெரியமாமா: அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சிற்பத்தை விட்டுவிடாதே. கிழக்குச் சுற்றின் தென்பகுதியில், 49 மீட்டர் நீளத்தில் சுவர் முழுக்க ஒரே காட்சி. பென்சில்காரர் அதன் பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

[மாலை 6:15] நான்: முடிவு செய்துவிட்டோம். மார்ச். லாவோஸ் இல்லை. வியட்நாம் புத்தகம் தாளில், முதல் படத்தில் உள்ள வரிசையில். கம்போடியாவுக்கு அங்கோர் பகுதி மட்டும் மின்நூலாக. விக்கிவாயேஜ் என்ற இணைய வழிகாட்டியின் பக்கங்களையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமலே பார்க்கும்படி கைபேசியில் இறக்கிக்கொள்கிறேன். அம்மா, ஊர், தேதி, விடுதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி இங்கே படம் போடுகிறேன். மாறினால் அன்றைக்கே சொல்வேன்.

[மாலை 6:18] அம்மா: சரி கண்ணு.

[மாலை 6:22] பெரியமாமா: பழைய புத்தகம்?

[மாலை 6:25] நான்: கிளம்பும் வரை என்னிடம் தாருங்கள் மாமா, கோடு போட்ட இடமெல்லாம் படித்துவிடுகிறேன். பிறகு உங்களிடமே தருகிறேன், நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோமோ அந்தப் பக்கத்தில் அந்தப் படகு டிக்கெட்டை நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

[மாலை 6:31] பெரியமாமா: ஹனோய் பக்கம் 370. இப்போதே வைத்துவிட்டேன்.