இரவில் நியான் டெட்ரா மீன்களின் நிறம் மங்குவது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுத் தொட்டியில் நியான் டெட்ரா மீன்களைக் கூட்டமாக வளர்த்து வருகிறோம். பகலில் நீலக் கோடும் வால்பக்கச் சிவப்பும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இரவில் அணைத்த விளக்கை விடியற்காலையில் போட்டதும் பார்த்தால், சிவப்பு ஏறக்குறைய மறைந்து, நீலம் மங்கிய ஊதாவாகி, எல்லா மீன்களும் வெளிறிப்போய்ச் செடிகளுக்கிடையே அசையாமல் நிற்கின்றன. சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடுகிறது. தண்ணீரைச் சோதித்ததில் மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியாவோ நைட்ரைட்டோ இல்லை. இது நோயா? இரவு முழுவதும் விளக்கை எரிய விடலாமா?

பதில் 1

நோய் அன்று, கவலை வேண்டாம். நீங்கள் காண்பது உறங்கும் மீனின் இயல்பான இரவுத் தோற்றம்.

மீனின் தோலில் நிறமிச் செல்கள் பல வகைப்படும். கருப்பு, சிவப்பு நிறமிகளைக் கொண்ட செல்களில் அந்த நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவியிருந்தால் நிறம் அடர்ந்து தெரியும். நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்துவிட்டால் தோல் வெளிறும். பரவுவதையும் குவிவதையும் நரம்பு முனைகளில் சுரக்கும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளும் ஹார்மோன்களும் ஆள்கின்றன. இருளில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி வெளியிடும் மெலடோனின் என்ற ஹார்மோன் பல மீன் இனங்களில் கருப்புத் துகள்களைக் குவியச் செய்கிறது.

நீலக் கோட்டின் கதை வேறு, என் கருத்தில் இதைவிட அழகானது. அங்கு நீல நிறமி என்று எதுவுமே இல்லை. செல்களுக்குள் குவானின் என்ற பொருளாலான மெல்லிய படிகத் தகடுகள், சன்னல் அடைப்பின் பலகைகளைப் போல, சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. அந்த இடைவெளிக்கேற்ற நிற ஒளி மட்டுமே வலுவாகத் திரும்பி வருகிறது. வெளிச்சத்தில் தகடுகளின் சாய்வு மாறி இடைவெளி கூடுவதால் பசுமை கலந்த நீலமும், இருளில் இடைவெளி குறைவதால் ஊதாவும் தெரிகின்றன. இச்செல்கள் நரம்பின் ஆணைக்குக் காத்திராமல் தாமே ஒளியை உணர்ந்து வினைபுரிவதும் ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது.

பதில் 2

மேலே கூறப்பட்ட விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். விளக்கை எரிய விடுவது பற்றி மட்டும் சொல்கிறேன்: தயவுசெய்து விடாதீர்கள். மீன்களுக்கு இமை இல்லை. ஓய்வுக்கு அவை நம்பியிருப்பது இருளைத்தான். தொடர் வெளிச்சம் அவற்றைச் சோர்வடையச் செய்வதோடு, தொட்டியில் பாசியையும் வளர்க்கும். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர ஒளி போதும். காலையில் முதலில் அறை விளக்கையோ சன்னலையோ திறந்து, சற்றுப் பொறுத்துத் தொட்டி விளக்கைப் போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதாது.

அஞ்ச வேண்டிய வெளிறல் ஒன்று உண்டு. பிளீஸ்டோஃபோரா என்ற நுண்ணொட்டுண்ணியால் வரும் நியான் டெட்ரா நோயில், பகலிலும் நிறம் திரும்பாது. உடலின் ஒரு பகுதி மட்டும் திட்டாக வெளுக்கும். நாள் செல்லச் செல்ல முதுகு வளைந்து, மீன் கூட்டத்தை விட்டு விலகி நீந்தும். இதற்கு நம்பகமான மருந்து கிடையாது. அப்படி ஒரு மீனைக் கண்டால் உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்; இறந்துபோனால் மற்ற மீன்கள் அதன் உடலைக் கொத்தித் தின்பதற்குள் அகற்றிவிடுங்கள், ஏனெனில் நோய் பரவும் முக்கிய வழி அதுதான்.

பதில் 3

நிறம் மங்குவது மட்டுமல்லாமல், இரவில் கோலத்தையே மாற்றிக்கொள்ளும் மீன்களும் உள்ளன. தென்னமெரிக்காவின் பென்சில் மீன்களுக்குப் பகலில் உடலின் நீளவாக்கில் கரிய கோடு ஓடும். இரவில் அது மங்கி, குறுக்காகக் கரிய பட்டைகளோ திட்டுகளோ தோன்றும். அவற்றின் தோலில் இருவகைக் கருப்புச் செல்கள் இருப்பதும், ஒரே மெலடோனின் ஒருவகையில் துகள்களைக் குவித்து மற்றொன்றில் பரப்புவதுமே காரணம். வேட்டையாடும் மீன்களின் கண்ணில் படாமல் ஓய்வெடுக்க இத்தகைய மாற்றம் உதவுகிறது எனக் கருதப்படுகிறது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று பகலில் ஒவ்வொரு மீனாகப் பார்த்தேன்; எதிலும் வெள்ளைத் திட்டு இல்லை, எல்லாமே கூட்டமாக நீந்தி இரையெடுக்கின்றன. விளக்கிற்கு டைமர் பொருத்தப் போகிறேன்.