கரியால் வரைந்து அழித்து எடுக்கும் அனிமேஷன்: பழைய கோட்டின் தடம் குறையா?

சாட்ஸ்வர்த் தமிழ் வகுப்பு, டர்பன்:
அனைவருக்கும் வணக்கம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலையும், அதில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து போனதையும் மூன்று நிமிட அனிமேஷன் படமாக எடுக்க எங்கள் மாணவர்கள் விரும்புகிறார்கள். நொடிக்கு 12 படங்கள் என்று வைத்தாலே 2160 படங்கள் வேண்டும்; அத்தனையையும் தனித்தனித் தாளில் வரைவது பிள்ளைகளால் இயலாது. ஆகையால் ஒரே தாளில் கரியால் வரைந்து, சிறிது அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கைப்பேசியில் படம்பிடிக்கும் முறையைத் தொடங்கியுள்ளோம். அழித்த இடத்தில் சாம்பல் நிறத் தடம் தங்கிவிடுகிறது. பார்த்த பெற்றோர் சிலர் படம் அழுக்காக இருப்பதாகச் சொல்கிறார்கள். இது எங்கள் கைப்பழக்கக் குறையா, இந்த முறையின் இயல்பா? கரும்பு வெட்டும் காட்சியையும் இப்படியே எடுக்கலாமா?

கரிக்கோடு, ஜொஹானஸ்பர்க்:
ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அது முறையின் இயல்பே. அதன் வலிமையும் அதில்தான் இருக்கிறது. இந்த முறையை உலகம் அறியச் செய்தவர் எங்கள் ஜொஹானஸ்பர்க் நகரத்தில் 1955இல் பிறந்த ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989இல் தொடங்கிய குறும்பட வரிசையில் அவர் ஒரு காட்சிக்குப் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை வைத்துக்கொண்டு, ஒரு மாற்றம் செய்தபின் கேமராவுக்கு நடந்து சென்று ஓரிரு ஃபிரேம்கள் (தனிப்படங்கள்) எடுத்து, மீண்டும் தாளுக்குத் திரும்பி வருவார். தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களித்த 1994 தேர்தலுக்குச் சற்று முன் அவர் எடுத்து முடித்த படத்தில், வீழ்ந்து கிடக்கும் உடல்கள் செய்தித்தாள்களால் மூடப்பட்டு மெல்ல நிலத்தோடு கலந்துவிடுகின்றன. ஆனால் அவை கிடந்த இடத்தில் கரியின் சாயல் தெரிந்துகொண்டே இருக்கிறது. இந்த நாட்டின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. கரையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக மறைந்து தோட்டங்களுக்குப் போகும் காட்சியில், அவர்கள் நின்ற தடம் தாளில் தங்கட்டும்.

செய்முறையில் சிலவற்றைக் கவனியுங்கள். குச்சிக் கரி எளிதில் அழியும். அழுத்திச் செய்த கரி தாளில் ஊறிவிடும், ஆகவே அதை இறுதிவரை மாறாத இருளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய தாள் பத்து முறை அழித்தாலே பஞ்சாகப் பிரிந்துவிடும் என்பதால் தடித்த, சற்றுச் சொரசொரப்பான தாள் வேண்டும். தேய்க்கும் ரப்பரைவிட, பிசைந்து ஒற்றி எடுக்கும் ரப்பர் நல்லது. சன்னல் வெளிச்சத்தை முற்றிலும் மறைத்துவிடுங்கள். மேகம் கடந்தாலும் படம் மினுக்கும். மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்து பழகிய நமக்கு, ஒரு காட்சியின் நடுவில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி விளக்குகளையே முதலிலிருந்து பயன்படுத்துங்கள். கைப்பேசியின் வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டி வையுங்கள். அழித்ததை மீண்டும் பெற முடியாது என்பதால், காட்சியின் போக்கைச் சிறு தாளில் முன்கூட்டியே வரைந்து பார்த்துவிட வேண்டும்.

நிழற்பாவை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
கப்பல் காட்சிக்குக் கரி பொருந்தும் என்பதை ஏற்கிறேன். கரும்பு வெட்டும் காட்சிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கத்தி ஏறி இறங்கும் அசைவு திரும்பத் திரும்ப வருவது. ஒவ்வொரு முறையும் கையை அழித்து வரைந்தால் அந்த இடம் முழுவதும் கறுத்து, அசைவே தெரியாமல் போய்விடும். அங்கே வெட்டுருவங்களைப் பயன்படுத்துங்கள். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை உழைத்து எடுத்த முழுநீளப் படம் முற்றிலும் இவ்வாறே உருவானது. கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உறுப்புகளை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமேல் கிடத்தி, மேலிருந்து கேமராவால் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தார். நம் தோல்பாவைக் கூத்திலும் தோளும் முழங்கையும் தனித்தனியாக வெட்டிக் கோக்கப்படுகின்றன. ஆட்டுத்தோலில் சாயம் தீட்டி, விளக்கொளியைப் பின்னிருந்து பாய்ச்சுவார்கள். உங்கள் மாணவர்களுக்குத் தடித்த அட்டையும் கிளைபிரியும் பித்தளைப் பின்களும் போதும். ஒரு பாவையைச் செய்துவிட்டால் எத்தனை வெட்டு வேண்டுமானாலும் வெட்டலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே நேரத்தில் அசையாமல், தோள் முதலில் தொடங்கி மணிக்கட்டு கடைசியில் முடியும்படி நகர்த்தினால் கத்தியின் கனம் தெரியும்.

கேப் டவுன் வரைகலைஞர்:
பெற்றோரின் கருத்தைப் பற்றி ஒரு சொல். கோடு துப்புரவாக இருந்தால்தான் அனிமேஷன் என்ற எண்ணம் தொழிற்கூட முறையிலிருந்து வந்தது. 1914இல் வின்சர் மெக்கே தம் டைனோசர் படத்துக்கு ஒவ்வொரு தாளிலும் பின்னணியையும் சேர்த்தே வரைய வேண்டியிருந்ததால், மலையையும் ஏரியையும் படியெடுக்க ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டார். நுட்பமாகப் பார்த்தால் அப்படத்தில் பாறைகளின் கோடுகளும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதே ஆண்டில் ஏர்ல் ஹர்ட் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாளில் பாத்திரத்தை மட்டும் வரைந்து, மாறாத பின்னணிமேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வரைபவர் வேறு, மையிடுபவர் வேறு, வண்ணம் தீட்டுபவர் வேறு என்று வேலை பிரிந்தது; பலர் கை பட்டும் ஒருவர் வரைந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பதால் கோட்டின் தனித்தன்மை நீக்கப்பட்டது. உங்கள் வகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. மாணவர்களின் கை தெரியட்டும்.

சாட்ஸ்வர்த் தமிழ் வகுப்பு, டர்பன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பலும் கரையும் கரியில், தோட்டம் வெட்டுருவத்தில் என்று முடிவு செய்கிறோம். ஒரு மாணவியின் பாட்டி பின்னணியில் கதை சொல்லப் போகிறார். அவர் குரலைப் படம் முடிந்தபின் பதிவு செய்யலாமா?

கேப் டவுன் வரைகலைஞர்:
குரலை முதலில் பதிவு செய்துவிடுங்கள், ஐயா. பாட்டியை அவசரப்படுத்தாமல், அவர் நிறுத்தும் இடங்களையும் சேர்த்தே பதியுங்கள். பிறகு கோடிட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரு படம் என்று எண்ணிட்டு, எந்தச் சொல் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 12 படங்கள் என்பதால், அவர் இரண்டு நொடி மௌனமாக இருந்தால் 24 வரிகள் வெறுமையாக நிற்கும். அங்கே அசைவு எதுவும் வேண்டாம். எடுத்த கடைசிப் படத்தையே நிறுத்தி வைத்தால் போதும்.