கொச்சியில் ஆட்டோ அண்ணன் காட்டிய வண்ணான்துறை

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவனுக்கு சனிக்கிழமை லீவு கேட்பது பெரிய பாடு, சம்பள நாள் அது. எப்படியோ நாங்கள் நான்கு பேரும் ஒரே சனிக்கிழமையில் லீவு வாங்கிவிட்டு, விடிவதற்கு முன்பே ரயில் ஏறி எர்ணாகுளம் ஜங்ஷனில் போய் இறங்கினோம். நால்வரில் ஒருத்தரும் அதுவரை கொச்சியைப் பார்த்ததில்லை. எங்களில் ஒருத்தன் அயர்ன் மாஸ்டர், பதினைந்து வருஷமாக ஸ்டீம் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவன். கதையே அவனால்தான், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசு போட் போகிறது. பஸ் டிக்கெட்டை விடக் குறைந்த காசு, வேலைக்குப் போகிறவர்கள் பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் மட்டும்தான் ஜன்னல் பக்கம் முட்டிமோதிக்கொண்டு நின்றோம். இப்போது ஏசி வைத்த வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்றால் பழைய போட்தான்.

இறங்கி நடந்தால் சீன வலைகள். போட்டோவில் பார்த்து ஏதோ அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், கிட்டே போனால் நிஜமாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்பக்கம் கயிற்றில் பெரிய பெரிய கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அந்தக் கல்லின் எடையும் முன்னால் வலையின் எடையும் ஏறக்குறைய சமம், அதனால் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தாலே அவ்வளவு பெரிய மரச் சட்டம் மொத்தமும் எழுந்து வந்துவிடுகிறது. எங்களையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார்கள், இழுத்தோம். வலையில் வந்தது பாதி ஆகாயத்தாமரை, அதற்குள் துள்ளிக்கொண்டு கொஞ்சம் பொடி மீன். இழுத்து முடித்ததும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். மீனை விட எங்களிடம்தான் அன்றைக்கு அவர்களுக்கு வரும்படி அதிகம் இருந்திருக்கும். கொடுத்ததில் வருத்தமில்லை.

பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோடகாமா 1524-ல் கொச்சியில்தான் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள், அப்புறம் எலும்புகளை எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. பார்த்தோம், வந்தோம்.

வெளியே ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவர் சொன்ன ரேட் திருப்பூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவிநாசி ரோடு போகவே பத்தாது. இதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றியது, கேட்டேவிட்டோம். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. "ரெண்டு கடைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போவேன், நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம், பத்து நிமிஷம் உள்ளே நின்னா போதும், எனக்குக் கூப்பன் தருவாங்க" என்றார் அரைத் தமிழில். சரி என்று ஏறிவிட்டோம். ஒரு கடையில் ஏலக்காயையும் இன்னொன்றில் காஷ்மீர் கம்பளத்தையும் மிக அக்கறையாகப் பார்த்தோம். கம்பளக் கடையில், பனியன் கம்பெனியில் பீஸ் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கும் எங்கள் நண்பன் பழக்கதோஷத்தில் தையலைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் கடைக்காரர் முகம் மாறிவிட்டது, வெளியே வந்துவிட்டோம்.

கூப்பன் கிடைத்த சந்தோஷத்தில் ஆட்டோ அண்ணன், "உங்க ஆளுங்க இருக்கிற எடத்தைக் காட்டட்டா?" என்று கேட்டு வெளி என்கிற பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார். தோபி கானா, அதாவது வண்ணான்துறை. டச்சுக்காரர்கள் கொச்சியை வைத்திருந்த காலத்தில் பட்டாளத்துத் துணி துவைக்கத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் இன்னும் அங்கே துவைக்கிறார்கள், வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். வரிசையாகத் தொட்டியும் கல்லுமாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒருத்தர். பின்னால் பெரிய திடல், அதில் வெள்ளை வெள்ளையாக ஓட்டல் பெட்ஷீட்டும் ஆஸ்பத்திரித் துணியும்.

கொடியில் ஒரு கிளிப் இல்லை. இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், துணி முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் அவ்வளவுதான், கடல்காற்றுக்கும் அசையாது, இழுத்தால் வந்துவிடும். துருக்கறையும் கிடையாது. எங்கள் அயர்ன் மாஸ்டர் அதை ஒரு தடவை செருகிப் பார்த்தான், எடுத்தான், மறுபடி செருகினான்.

உள்ளே பெரியவர் ஒருவர் கரிப்பெட்டியில் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். சிரட்டைக் கரி. இவன் போய், "ஏனுங்கய்யா, தண்ணி தெளிக்காமலே சுருக்கம் போகுதுங்களே?" என்றான். "கஞ்சி போட்டுப் பாதி ஈரத்துல எடுக்கணும் தம்பி, காய விட்டா போச்சு" என்றார் அவர். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் அங்கே இருந்ததே இருவருக்கும் மறந்துபோனது. பெட்டியைத் தூக்கிப் பார்க்கக் கொடுத்தார், நானும் வாங்கிப் பார்த்தேன், ஒரு கையால் அரை மணி நேரம் தேய்க்க என்னால் முடியாது. சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு, "தாத்தாவுக்கே தெரியாது, எனக்கெங்க தெரியும்" என்று சிரித்தார். பதிலுக்கு அவர் கேட்டது, திருப்பூரில் பீசுக்கு என்ன தருகிறார்கள் என்று. இவன் சொன்னான். பெரியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அன்றைக்கு இரவு வரை அதைச் சொல்லியே அவனை ஓட்டினோம்.

இந்தப் பேச்சில் மதியம் தாண்டிவிட்டது. மட்டாஞ்சேரிக்குப் போனால் பிரியாணி தீர்ந்துவிட்டது. கொச்சியில் நல்ல பிரியாணி வேண்டும் என்றால் பசிக்கிறதற்கு முன்பே போய்விட வேண்டும் போல. யூத ஜெப ஆலயமும் பூட்டு, சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். திட்டம் போட்டவனை யாரும் அடிக்கவில்லை, திட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். 1568-ல் கட்டியது, தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். கூட்டம் மேலே தொங்கும் சரவிளக்குகளைப் பார்க்கிறது, எங்கள் செக்கிங் ஆள் மட்டும் குனிந்து ஒரே மாதிரி இரண்டு ஓடு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

போகிறவர்கள் கவனிக்க: ஜெப ஆலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை, பக்கத்திலிருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை. ராமாயணச் சுவரோவியங்களுக்காகவே அரண்மனையை விடாதீர்கள். தோபி கானாவில் போட்டோ எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள், வேலை நடக்கிற இடம் அது. ஆட்டோவில் கூப்பன் கடை உண்டா என்று ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஏலக்காய் மட்டும் வாங்காதீர்கள், எங்கள் ஊர் மளிகைக் கடையை விட விலை அதிகம்.