70 வரி ஜாவா, ஒரு வரி கோட்லின்: உங்களுக்கு எப்படிப் போனது?

ஜாவா என்ற நிரல்மொழியிலேயே பல வருடம் ஓட்டியவன் நான். ஒரு பழைய ஆப்பைக் கோட்லின் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றும் வேலை வந்தது. முதலில் கைவைத்தது விண்ணப்ப விவரத்தை வைத்திருக்கும் ஒரு கிளாஸில். இருப்பது 5 ஃபீல்டு (தகவல் வைக்கும் இடம்). ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர், மதிப்பை எடுக்கும் கெட்டர், மாற்றும் செட்டர், இரண்டு ஆப்ஜெக்ட்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ், அதற்குத் துணையான ஹேஷ்கோட், எழுத்தாக்கிக் காட்டும் டூஸ்ட்ரிங் எல்லாம் சேர்ந்து 70 வரி. பெரும்பாலும் ஐடிஇ (கோடு எழுதும் மென்பொருள்) போட்டுக் கொடுத்ததுதான், நான் தட்டியது கொஞ்சம். கோட்லினில் டேட்டா கிளாஸ் என்று ஒரு வரி எழுதினேன், முடிந்தது. வேண்டிய ஃபீல்டை மட்டும் மாற்றி நகல் எடுக்கும் காப்பி ஃபங்ஷன் வேறு சும்மா கிடைத்தது.

அப்புறம்தான் வினை. விண்ணப்பத்தின் நிலை சர்வரிலிருந்து தனியாக, பிறகு வரும். அதனால் அந்த ஒரு ஃபீல்டை மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் சேர்க்காமல் கிளாஸின் உடலுக்குள் வைத்தேன். நிலை மாறிய புது ஆப்ஜெக்ட்டை, மதிப்பு மாறினால் திரைக்குச் சொல்லும் ஸ்டேட்ஃப்ளோவில் போட்டால் திரை அசையவே இல்லை. நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், கேஷைச் சந்தேகப்பட்டேன், அரை நாள் போய்விட்டது. டேட்டா கிளாஸின் ஈக்வல்ஸ், கன்ஸ்ட்ரக்டரில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடும். பழைய ஆப்ஜெக்ட்டும் புதியதும் சமம் என்று அது சொல்ல, சமமான மதிப்பை ஸ்டேட்ஃப்ளோ மறுபடி அனுப்பவில்லை. ஜாவாவில் என்றால் ஈக்வல்ஸைத் திறந்ததும் ஒரு ஃபீல்டு விடுபட்டது கண்ணில் பட்டிருக்கும். இங்கே திறந்து பார்க்க ஒன்றுமே இல்லையே!

பதில்:
70 வரி என்பது பழைய ஜாவாவின் கணக்கு. 2021இல் வந்த ஜாவா 16 முதல் ரெக்கார்டு என்ற கிளாஸ் வகை இருக்கிறது, அதுவும் ஒரு வரிதான். நீங்கள் மாட்டியது போல அதில் மாட்டவும் முடியாது. ரெக்கார்டின் உடலுக்குள் தனியாக ஃபீல்டு வைத்தால் கம்பைலரே விடாது. ஆனால் ஃபீல்டுகளை மாற்ற முடியாது, காப்பியும் கிடையாது. ஒன்றே ஒன்றை மாற்ற வேண்டுமானாலும் எல்லாவற்றையும் கொடுத்துப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். 12 ஃபீல்டு இருந்த ஒரு ரெக்கார்டில் இரண்டு ஸ்ட்ரிங்கை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு நானும் முழித்திருக்கிறேன்.

பதில்:
என் கதை நல் (மதிப்பே இல்லாத நிலை) பற்றியது. ஆர்டர், அதற்குள் வாடிக்கையாளர், அதற்குள் முகவரி, அதற்குள் ஊர். ஜாவாவில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இஃப். கோட்லினில் கேள்விக்குறியும் புள்ளியுமாகக் கோத்து, கடைசியில், நல் வந்தால் மாற்று மதிப்பைத் தரும் எல்விஸ் ஆபரேட்டர் வைத்து “ஊர் இல்லை” என்று முடித்தேன். படிக்க அவ்வளவு அழகு. ஒருநாள் ஏகப்பட்ட ஆர்டர்களுக்கு “ஊர் இல்லை” என்று வந்தது. எந்த இடத்தில் நல் என்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு இஃபிலும் ஒரு லாக் வைத்திருந்த பழைய கோடு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. லெட் என்ற ஃபங்ஷனுக்குள் இன்னொரு லெட் எழுதி, எந்த இட் (லெட்டுக்குள் வரும் மதிப்பின் பெயர்) எதைக் குறிக்கிறது என்று தேடுவதெல்லாம் தனிக் கதை.

பதில் (தொடங்கியவன்):
ரெக்கார்டு பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். நிலையைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொண்டுவந்து, மாறும்போது காப்பி போடுகிறேன். இப்போது பிரச்சினை இல்லை, ஜாவாவுக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. இன்னொரு டேட்டா கிளாஸில் மட்டும் ஒரு பைட் அர்ரே (பைட்டுகளின் வரிசை) இருந்தது. அர்ரேயின் உள்ளடக்கத்தை அது ஒப்பிடாது என்பதால் ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் நானே எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கிளாஸ் இப்போது 30 வரி.